மார்கழிக் காற்றில் சேர்வராயன் சரிவில் கிளைடர் பறக்கவிடுவது எப்படி?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகிறவர் முதலில் தேடிப்போவது, சேலம் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும் லேடீஸ் சீட் பக்கத்தைத்தான். ரேடியோ கிளைடருடன், அதாவது கையிலுள்ள ரேடியோ கருவியால் இயக்கும் மாதிரி விமானத்துடன், வருகிறவர் மார்கழியிலும் தையிலும் அந்தப் பக்கத்தை மறந்துவிட வேண்டும்.

மோட்டார் இல்லாத கிளைடரைத் தாங்குவது, மலைமுகத்தில் மோதி மேலே திரும்பும் காற்று ஒன்றே. இம்மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், பகோடா பாயின்ட் அமைந்துள்ள கிழக்கு முகத்தில் அது எழும்புகிறது. மலையைத் தாண்டி, லேடீஸ் சீட் இருக்கும் தென்மேற்குப் பக்கம் இறங்கும்போது உருண்டு சுழல்கிறது. இது தெரியாமல் முதல் ஆண்டு நகரம் தெரியும் விளிம்பிலிருந்து நான் எறிந்த கிளைடர், கையை விட்ட மூன்றாம் விநாடியே உண்ணிப்புதருக்குள் போய்விட்டது.

காட்சிமுனைகளில் கூட்டம் இருக்கும் என்பதால், அதே திசையைப் பார்த்த தோட்ட விளிம்பு ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். இது காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் ஆகையால், அன்று எந்தப் பகுதியில் ஆட்கள் பறிக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் தலைக்கு மேல் பறக்காதீர்கள். கமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி வெளியிடப்பட்ட வான்வெளி வரைபடத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

விடிந்ததும் எறிய அவசரப்பட வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே கீழே வழிந்துகொண்டிருக்கும். கிழக்கு முகத்தில் வெயில் ஏறிய பிறகே அது நின்று திசை மாறும். இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. காய்ந்த சில்வர் ஓக் இலை ஒன்றை விளிம்புக்கு வெளியே கைநீட்டி விடுங்கள். அது நேரே விழுந்தால் காத்திருங்கள். தயங்கி நின்று, பிறகு உங்கள் முகத்தைக் கடந்து மேலேறிப் பின்னால் போனால் நேரம் வந்துவிட்டது.

குளிரில் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் சுமை ஏறும்போது விரைவாகச் சரியும் என்பதால், எறியும்வரை அதைச் சட்டைப்பையில் உடல் சூட்டில் வைத்திருப்பது என் வழக்கம். எறியுமுன் ரேடியோ சமிக்ஞை தொலைவிலும் எட்டுகிறதா என்று வீச்சுச் சோதனை செய்து, ரேடியோ கருவியின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல ஏலரான் (கிளைடரைச் சாய்க்கும் இறக்கை மடல்) மேலெழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவாக இருக்கும். குளிர் அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். ஆகவே சமவெளியில் பழகியதைவிடச் சற்று வேகமாகப் பறக்கவிட வேண்டும். காற்று பலமாக வீசாத நாளில் கூடுதல் எடையும் ஏற்றக்கூடாது.

மூக்கை இம்மியளவு தாழ்த்தி, காற்றை நோக்கி நேராக எறியுங்கள். ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு வெளிப்பக்கமாகவே இருக்கட்டும். உள்பக்கம் திரும்பினால் பின்காற்று கிளைடரைச் சரிவின்மேல் கொண்டுவந்து அறைந்துவிடும்.

கீழிருந்து மேகம் ஏறிவரும்போது பள்ளத்தாக்கின் மரவரிசையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்த வரிசை மங்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கிளைடரே மங்கும்வரை காத்திருந்தால், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பிடிபடாது. இறக்கும்போது விளிம்புக்குப் பின்னால் சுற்றிவராதீர்கள், அங்கும் சுழல்காற்று உண்டு. சரிவோடு இணையாக வந்து, உங்கள் காலடி மட்டத்துக்குச் சற்றுக் கீழே தணித்து, கடைசி நொடியில் மூக்கை உயர்த்தும் வால் மடலான எலிவேட்டரை இழுத்தால், வேகம் தீர்ந்து புல்மேல் அமரும்.

நுரை இறக்கையில் ஒட்டிய டேப், பனி ஈரத்தில் முன்விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். காரில் வைக்குமுன் பருத்தித் துணியால் துடைத்து, உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வீட்டுக்கு வந்ததும் நிழலில் உலரவிடுங்கள்.