முதலில் புழுக்கையைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் நான் போய் நிற்பது முயல் கூண்டின் தட்டுக்கு முன்னால்தான். பட்டாணி அளவில், உருண்டையாக, நசுக்கினால் உமிபோல உதிரும் புழுக்கை நிறையக் கிடந்தால், சரி, அன்றைக்குக் கவலை இல்லை. சிறுத்து, கறுத்து, எண்ணிக்கையும் குறைந்திருந்தால் வயிறு மந்தமாகிறது. முடியில் கோத்த மணிபோல வந்தால் ரோமத்தை நிறைய நக்கி விழுங்கியிருக்கிறது; அன்றே சீவிவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முயல் மிளகு வந்த புதிதில் கிண்ணம் நிறையத் தீவனக் குச்சியும் (பெல்லட்) கேரட்டும்தான் கொடுத்தேன். ஒரு ராத்திரி அது எதையும் தொடவில்லை. பசியில்லை போல என்று விட்டுவிட்டேன். காலையில் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் குன்றிப்போய்ப் பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் பிழைக்க வைத்தார். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். 10, 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அதனால் சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்தான். தினமும் முயலின் உடம்பளவுக்கு ஒரு குவியல். வைக்கோல் வேறு, அது படுக்கைக்கு ஆகும், சத்து கிடையாது. முயலின் பல் சாகும்வரை வளரும், முன்பற்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்ததற்கு அதையே போட்டால் சுண்ணாம்புச் சத்து மிஞ்சிச் சிறுநீர் குழம்பிப் போகும், கல்லும் சேரலாம்.

தீவனக் குச்சி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். கொத்தமல்லி, புதினா, கேரட்டின் தழை எல்லாம் கொடுக்கலாம். புதுக்கீரை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் இரண்டு இலை. மறுநாள் தட்டைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட் கூடவே கூடாது. கேரட் சர்க்கரை அதிகமான தின்பண்டம், வாரத்துக்கு ஒன்றிரண்டு சிறு துண்டு. இதைச் சொன்னால் என் அண்ணன் நம்பவே மாட்டான், அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இன்னொரு வகைப் புழுக்கையும் உண்டு: பளபளவென்று, குட்டித் திராட்சைக் கொத்துபோல. முயல் குனிந்து அதை நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். முகம் சுளிக்காதீர்கள், பி வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அது தின்னாமல் தரையில் கிடந்து நசுங்கினால், குச்சியைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

தண்ணீரைக் கவிழாத கனமான கிண்ணத்தில் வையுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். வெறும் கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். வெயில் நாளில் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் மிளகு அதில் காதைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிடும்.

தூக்குவது மட்டும் நிதானமாக. காதைப் பிடிக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், உங்கள் உடம்போடு அணைத்து. பின்னங்கால் அந்தரத்தில் தொங்கினால் அது உதைக்கும். அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறியலாம். குழந்தைகள் கேட்டால் தரையில் உட்காரச் சொல்லுங்கள், அதுவே மடிக்கு ஏறி வரும்.