கிளிக்கர் பயிற்சி: உங்கள் நாய்க்கு முதல் பாடம் ‘தொடு’

நாய் தன் மூக்கால் உங்கள் உள்ளங்கையைத் தொட வேண்டும். பாடம் இவ்வளவுதான். இது பழகிவிட்டால், வாசலை மறித்து நிற்கும் நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமலே நகர்த்தலாம். கால்நடை மருத்துவமனையில் எடைமேடை மீதும் அதுவாகவே ஏறும்.

கிளிக்கர் என்பது அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. கிடைக்காவிட்டால் பட்டன் பேனா போதும். நாய் சரியாகச் செய்த நொடியைக் குறித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. தீனியை எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு நொடி ஓடிவிடும். அதற்குள் நாய் திரும்பியிருக்கும், குரைத்திருக்கும். எதற்குத் தீனி கிடைத்தது என்று அதற்கு எப்படிப் புரியும்? 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் விசிலைப் பயன்படுத்தியதும் இதற்காகத்தான். தண்ணீருக்கு மேலே துள்ளும் டால்பினின் வாயில் அந்த நொடியே மீனை வைக்க முடியாதே.

தீனிக்கு உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி நல்லது. பட்டாணி அளவுத் துண்டுகள் முப்பது போதும். அந்த அளவுக்கு அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது.

முதலில் ஒலிக்குப் பொருள் ஏற்ற வேண்டும். ஒரு ‘டிக்’, உடனே ஒரு துண்டு. பத்துப் பதினைந்து தடவை. ஒலி கேட்டதும் நாய் தீனியைத் தேடி உங்களைப் பார்த்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒலிக்கு மிரண்டால் கிளிக்கரைத் துணியில் சுற்றி அழுத்துங்கள்.

இப்போது வெறும் உள்ளங்கையை நாயின் மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, பக்கவாட்டில் காட்டுங்கள். மோந்து பார்க்க வரும். மூக்கு படும் அந்தக் கணத்தில் ‘டிக்’. கையை எடுத்துவிட்டு, மறு கையால் தீனி. கையை முகத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், பின்வாங்கும். அது வரும்வரை காத்திருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை தயங்காமல் தொட்டால் ஓர் அடி தள்ளி, பிறகு இரண்டடி. தடுமாறினால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள்.

‘தொடு’ என்ற சொல்லை இதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும்: முதலில் சொல், பிறகு கை. நாய்க்குச் செயலே தெரியாதபோது பத்துத் தடவை சொன்னால், அந்தச் சொல் அதற்கு வெறும் சத்தமாகிவிடும்.

பலரும் சறுக்கும் இடம் தீனி எடுக்கும் கை. ‘டிக்’ ஒலிக்கும் முன்பே அது பைக்குள் போனால், நாய் ஒலியை விட்டுவிட்டுக் கையையே கவனிக்கும். ஒலி கேட்கும்வரை அந்தக் கை அசையக் கூடாது. விரலைக் கடித்து விளையாடும் குட்டியா? மூக்கு படுவதற்கு ஒரு நூலிழை முன்பே அழுத்துங்கள்.

தவறான நேரத்தில் அழுத்திவிட்டாலும் தீனியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிழை நம்முடையது, ஒலித்தால் கிடைக்கும் என்ற அதன் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது. நாயைக் கூப்பிடவும் கிளிக்கரை அழுத்தாதீர்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. நடுவில் கொட்டாவி விட்டாலோ, சொறிந்துகொண்டாலோ, தரையை மோந்துகொண்டு நகர்ந்தாலோ அதைத் திட்டாதீர்கள். எளிதாக ஒரு தொடுதல், ஒரு துண்டு. அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.