இழந்த வீட்டை வரைந்து வைப்பது எப்படி

இடம்பெயர்ந்து வந்த அம்மம்மாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய தாள் நாலைந்து, பென்சில், கொஞ்சம் டிரேசிங் பேப்பர், அவசரமில்லாத ஒரு பின்னேரம், இவ்வளவும் போதும்.

வழி என்னுடையதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' (முற்றுப்பெறாத தோம்பு) என்று ஒரு நூலைக் கலைப்படைப்பாகவே செய்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு, யாருக்கு எந்தக் காணி என்று அரசாங்கம் எழுதிவைத்த கணக்கு. சனாதனன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, இலங்கை உள்நாட்டுப் போரில் வீட்டை விட்டுப்போன வடக்கு கிழக்குத் தமிழ் பேசும் மக்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். அப்படிச் சேர்ந்தவை 80 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் கையால் வரைந்த படம், அவர் சொன்ன கதை, அதையே கட்டிடக்கலை முறையில் திருப்பி வரைந்த படம், கடைசியில் சனாதனனின் சித்திரம். காணி உறுதிப் பத்திரம் எரிந்துபோனவரிடம் அரசாங்கக் கந்தோரில் காட்ட ஒன்றும் இருக்காது. அவருடைய ஞாபகத்தையே பதிவேடாக்கியதுதான் இந்தப் படைப்பின் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எந்த வீடு என்று கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு வீடாக இருக்கலாம், 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவருக்கு அதற்குப் பிறகு வன்னியில் இரண்டு மூன்று கொட்டில்கள் இருந்திருக்கும், அவையும் அவருக்கு வீடுதான். எதை வரைய வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

"வீட்டை வரையுங்கோ" என்றால் "எனக்கு வரையத் தெரியாது பிள்ளை" என்று தாளைத் தள்ளிவிடுவார்கள். அதனால், "ஒழுங்கையால வந்து படலையைத் திறந்தா முதல்ல என்ன தெரியும்?" என்று கேளுங்கள். கை நடுங்கினாலும் பென்சில் அவர் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் வாங்கி வரைந்து கொடுக்காதீர்கள். அழிறப்பரைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

எது முதலில் வந்தது, எது அடுத்தது என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். என் பெரியம்மா கிணற்றில்தான் தொடங்கினார். கிணறு, தண்ணீர் அள்ளும் துலா, கிணற்றுத் தண்ணீர் ஓடிய வாய்க்கால், அதைக் குடித்து வளர்ந்த வாழைகள், கோடிப்புறத்து முருங்கை, மூத்தண்ணன் தென்னங்குற்றி அடுக்கிக் கட்டிய பங்கர் என்ற பதுங்குகுழி, இவ்வளவும் வந்தபிறகு தாளின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் வீடு வந்தது. விறாந்தையும் சாமியறையும் அதற்குள் அடங்கவில்லை, வெளியே கோடு இழுத்து எழுதினார். அளவு பிழை என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். அவர் அந்த வளவில் எங்கே வாழ்ந்தார் என்பது அந்த அளவில்தான் இருக்கிறது.

அவர் சொல்வதை அவருடைய வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். குசினி என்றால் குசினி, சமையலறை என்று திருத்த வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நடுவில் பேச்சு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள், தேத்தண்ணி போடுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சில நாள் கழித்து, முதல் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து அளவுப்படம் போடுங்கள். அடிக்கணக்கு கேட்டால் தடுமாறுவார்கள், குசினியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும், விறாந்தையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று கேட்டால் உடனே வரும். காணி எத்தனை பரப்பு (யாழ்ப்பாணத்துக் காணி அளவு) என்பது அநேகமாக எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செயற்கைக்கோள் படத்தை இதற்கு முன்னால் காட்டவே வேண்டாம், பார்த்துவிட்டால் ஞாபகம் அதன்படி வளைந்துவிடும். பிறகு காட்டுவதென்றாலும் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் பல இடங்களில் வீடே இல்லை, அதை அவர் திரையில் திடீரென்று பார்க்கக் கூடாது.

மூன்றாவது தாள் உங்களுடையது. இதுதான் கஷ்டம். சனாதனனின் சித்திரங்கள் வீட்டை அப்படியே பார்த்து வரைந்தவை அல்ல, கேட்ட கதை ஓவியருக்குள் போய் வேறு உருவம் எடுத்து வந்தவை. நீங்கள் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. கேட்டதில் எது உங்களை விடாமல் பிடித்திருக்கிறதோ அதை மட்டும் வரையுங்கள், அது ஒரு துலாக்கயிறாக இருந்தாலும் சரி.

அப்புறம் பாதுகாப்பு. பென்சில் படத்தை லேமினேட் செய்ய வேண்டாம். ஸ்கேன் எடுத்து, மூன்று தாளையும் கதையையும் ஒரே கோப்பில் வைத்து, யார் வரைந்தது, எந்தத் தேதி, எந்த ஊர், வீட்டை விட்டது எந்த ஆண்டு என்று பின்புறம் எழுதுங்கள். நீதிமன்ற வழக்கில் இருக்கும் காணி என்றால் படத்தை முகநூலில் போடுவதற்கு முன் குடும்பத்தில் எல்லோரிடமும் கேளுங்கள். கூடப்பிறந்தவர்கள் கனடாவிலோ கொழும்பிலோ இருந்தால் அவர்களையும் தனியாக, மற்றப் படத்தைப் பார்க்காமல், அதே வீட்டை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். முருங்கை இன்னொரு பக்கம் நிற்கும். அதையும் அதே கோப்பில் போடுங்கள்.