போர்க்கவிதை வாசிக்கப் பழக, நாஞ்சில் மண்ணிலிருந்து ஒரு பாட்டு

பழக ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் கொடுப்பது புறநானூறு 139. பதினைந்தே அடி. பாடியவர் மருதன் இளநாகனார், பாடப்பட்டவர் நம்ம ஊர் நாஞ்சில் மலைத் தலைவன் நாஞ்சில் வள்ளுவன்.

முதலில் பதம் பிரித்த பாட்டை, உரையை மூடி வைத்துவிட்டு, அடிக்கு அடி இடம் விட்டுக் கையால் எழுதுங்கள். உரையை முதலிலேயே படித்தால் உரைகாரருக்கு வந்த உணர்ச்சிதான் உங்களுக்கும் வரும்.

அடுத்து, யார் யாரிடம் பேசுகிறார்? பாட்டின் கீழேயுள்ள குறிப்பைப் பாருங்கள்: பாடாண் திணை, பரிசில் கடாநிலை. அதாவது ஒருவரைப் புகழ்ந்து, பரிசு கேட்டு நிற்கும் பாட்டு. சுமை அழுத்தித் தோள் காய்த்த இளைஞரும், கால் நோக மலையேறிய விறலியரும் (ஆடிப் பாடும் பெண்கள்) புலவரோடு வந்து நிற்கிறார்கள்.

இனி, போர் எந்த அடியில் வருகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். முடியப் போகும்போதுதான் வரும். அந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் நின்று போக வேண்டும். புலவர் வள்ளுவனிடம் சொல்கிறார்: உன் வேந்தன் கொடுக்கச் சலிக்காதவன். அவனுக்காகச் சாக நீ அஞ்சமாட்டாய். இதுவரை புகழ்ச்சி. உடனே, நிலமே புரண்டதுபோல 'ஒருநாள், அருஞ்சமம் வருகுவ தாயின்' என் சுற்றம் வருந்தும் என்கிறார். போர் இன்னும் வரவில்லை, 'ஆயின்' என்ற சொல்லில் தொங்குகிறது. நீ செத்தால் எங்களுக்குச் சோறு யார் போடுவார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வள்ளுவனின் வீரமே நமக்குப் பயமாக மாறுவது அங்கேதான்.

'உழாஅ நாஞ்சில்' என்பதையும் விடாதீர்கள். நாஞ்சில் என்றால் கலப்பை. உழாத நாஞ்சில், மலை. கலப்பை புரட்டாத நிலத்தைப் போர் புரட்டுகிறது என்று இரண்டையும் சேர்த்து வாசிப்பது எங்கள் வழக்கம், ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கலாம்.

பிறகு புறநானூற்றிலேயே ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டைப் பக்கத்தில் வையுங்கள். மேடையில் இது 'வீரத்தாய்' என்று ஒரே வீச்சில் முடிந்துவிடும். ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புமுன் அவள் செய்வதை வரிசையாக எழுதிப் பாருங்கள்: கையில் வேல் கொடுக்கிறாள், வெள்ளைத் துணி உடுத்திவிடுகிறாள், பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவுகிறாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செய்கிற வேலை! பறை கேட்டதும் அவள் நிலையைப் பாட்டு 'விருப்புற்று மயங்கி' என்கிறது. விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு மயக்கத்தைத் தவறவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் பிழை.

குறிப்பு எழுதும்போது 'சோகமாக இருந்தது' என்று எழுத வேண்டாம். எந்தச் சொல்லில் வயிறு கலங்கியதோ அந்தச் சொல்லை எழுதுங்கள். கை பழகியதும், 1741இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றதற்குக் குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் முன்னாலும் இதே கேள்விகளோடு போய் நிற்கலாம்.