விசாரணையில்லாமல் பணிநீக்கமா? 311(2)(சி) உத்தரவை எதிர்த்து வழக்குப் போடும் முறை

உத்தரவு கைக்கு வந்ததும், அது எந்தக் கூறின் கீழ் போடப்பட்டது என்று பாருங்கள். அரசு ஊழியரை விசாரணையில்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம் 311(2). அதன் இரண்டாவது வரம்புரையில் (விதிவிலக்கு சொல்லும் பகுதி) (பி), (சி) இரண்டுமே விசாரணையைத் தவிர்க்க இடம் தருகின்றன. (பி) என்றால், விசாரணை ஏன் நடைமுறையில் முடியாது என்று அதிகாரி எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் உத்தரவு நிற்காது. நாட்டின் பாதுகாப்பைச் சொல்லும் (சி)-யில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பாதுகாப்பு கருதி விசாரணை உகந்ததல்ல என்ற திருப்தி குடியரசுத் தலைவருடையதாகவோ ஆளுநருடையதாகவோ இருக்க வேண்டும். கீழதிகாரி தானாகவே (சி)-யைக் கையில் எடுத்திருந்தால் அதுவே முதல் வாதம். "குடியரசுத் தலைவர் நேரில் கோப்பைப் பார்க்கவில்லை" என்ற வாதம் எடுபடாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி எடுத்த முடிவே போதும் என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டின் துளசிராம் பட்டேல் தீர்ப்பு சொல்லிவிட்டது.

மத்திய அரசு ஊழியர், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் 1985 நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர வேண்டும். அங்கே தோற்றால் ஐகோர்ட் டிவிஷன் பெஞ்ச். துணை ராணுவத்தினரும் தமிழக அரசு ஊழியரும் நேராக ஐகோர்ட்டில் ரிட் போடலாம்.

மனு பெரும்பாலும் சறுக்குவது வாதத்தில்தான். "நோட்டீஸ் தரவில்லை, என் தரப்பைக் கேட்கவில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவது வீண். அதைத் தவிர்க்கத்தானே இந்தக் கூறே இருக்கிறது. 1995-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏ.கே. கவுல் வழக்கு திறந்துவிட்ட வாசல் இரண்டு: கெட்ட நோக்கம், அல்லது பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத காரணம். கெட்ட நோக்கம் என்றால் யார், எந்தத் தேதியில், எந்தப் புகாருக்குப் பிறகு என்று விவரம் வேண்டும். அந்த அதிகாரியைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம் பரிசீலிக்காது.

கோப்பை வரவழைக்கத் தனி மனு போடுங்கள். அரசமைப்புச் சட்டம் 74(2) மறைப்பது அமைச்சரவையின் ஆலோசனையை மட்டுமே. அதற்கு அடிப்படையான ஆதாரங்களை அல்ல. ஆவணங்களைக் காட்ட மறுக்கும் சிறப்புரிமையை அரசு கோரலாம். அப்போதும் ஊழியர் எந்த மாதிரி நடவடிக்கையில் ஈடுபட்டார் என்பதையாவது நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்கிறது கவுல் தீர்ப்பு. உங்களுக்குக் காட்டாமல் நீதிமன்றத்துக்கு மட்டும் மூடிய உறையில் கொடுத்தால், அந்த முறையைக் கண்டித்த 2023 மீடியாஒன் தீர்ப்பைக் காட்டி ஆட்சேபியுங்கள்.

கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனதை மட்டும் நம்ப வேண்டாம். 1998 பல்பீர் சிங் வழக்கில், விடுதலையான ஊழியரின் பணிநீக்கத்தையே சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ஒரு காரணம் உதிர்ந்தாலும் மிச்சமுள்ளவை உத்தரவைத் தாங்கும் என்றது. ஆகவே அரசு பதில் மனுவில் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் மறுமொழி மனுவில் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.