ஜோரோ, சான்ஜி லொள்ளை ஒரு ஏ4 தாளில் வரைய

அடிதடி வேறு, வாய்ச்சண்டை வேறு. ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானிய காமிக்ஸில் வரும் வாள்வீரர் ஜோரோ, அவரோடு எப்போதும் முட்டிக்கொள்ளும் சான்ஜி, இருவருக்கும் ஒரே அளவு கோபம் கொடுத்தால் படம் செத்துவிடும். ஒருவர் குசும்பு பண்ண வேண்டும், இன்னொருவருக்குச் சுர்ரென்று ஏற வேண்டும். கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சில்லறைத் தகராறைக் கவனியுங்கள்: கண்டக்டர் பையை அணைத்தபடி பின்னால் சாய்ந்திருப்பார், பயணியின் கழுத்து முன்னால் நீளும். இந்த ஜோடியில் சான்ஜிதான் நம் கண்டக்டர்.

யார் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜோரோவின் மூன்று வாளும் வலது இடுப்பில்; மூன்று தோடும் இடது காதில், தழும்பும் இடது கண்ணில். தாளின் இடப்பக்கம் நிறுத்தி வலப்பக்கம் பார்க்க வைத்தால் வாள் தெரியும், தோடு மறையும். இரண்டையும் காட்டும் ஆசையில் காதை மாற்றிப் போடாதீர்கள். ரசிகர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். முகத்தைக் கொஞ்சம் நம் பக்கம் திருப்பினால் தழும்பையாவது மீட்கலாம்.

சான்ஜி சமையல்காரர், கையைக் காப்பாற்றக் காலால் சண்டை போடுகிறவர். அதனால் சட்டையைப் பிடிக்க வைக்காமல், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விடுங்கள். உயரம் ஜோரோ 181, சான்ஜி 180 செ.மீ. என்பதால் யாரையும் குள்ளமாக்க வேண்டாம். முன்னால் சாய்கிற ஜோரோவின் தலை மட்டும் சற்றே தாழும்.

தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, 2எச் பென்சிலில் முதுகு வளைவு இரண்டை மட்டும் போடுங்கள். தலை 5 செ.மீ., நெற்றிகளுக்கு நடுவே 1 செ.மீ. பிறகு கருவிழிக்குக் கருவிழி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோடு காதில் போய் முட்டினால், பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ திட்டுவதுபோல் இருக்கும். நெற்றிப்பொட்டில் புடைக்கும் நரம்புக் குறி ஜோரோவுக்கு மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று.

வெளிக்கோட்டுக்கு 0.5 மி.மீ. பேனா, உள்ளே 0.3, முடிக்கு 0.1. சான்ஜியின் கறுப்பு சூட் ஜோரோவின் அடர்ந்த உடையைத் தொடும் இடத்தில் 1 மி.மீ. வெள்ளை விடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகும். மை காயுமுன் ரப்பர் போட்டால் சாம்பல் பூசும். பொள்ளாச்சிப் பக்கம் சாரல் அடிக்கும் நாளில் அரை மணி நேரம் பொறுங்கள்.

தாளின் மேற்பகுதியில் வசனக் குமிழுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். முதலில் பேசும் சான்ஜி வலப்பக்கம் இருப்பதால் அவர் குமிழ் உயரத்தில், ஜோரோவுடையது கீழே. ஜோரோவுக்குத் திசையே தெரியாது என்பது ஊரறிந்தது. அதை நம்மூர் ‘ங்க’ போட்டுக் கேட்டால்தான் குத்தும்:

“ஏனுங்க, வழி தெரிஞ்சுதானுங்களா வந்தீங்க?”

“சோத்தக் கிண்டற வேலையப் பாருடா!”