நெசவு ராப் கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ராப் என்பது குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிச் சுமக்கும் நீளத் துணி. புதிதாக ராப் வாங்கியவர் குழந்தையைக் கட்டுவதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், அதே நாலைந்து தவறுகள் வரிசையாக வந்துவிடும். துவைத்துப் பயன்படுத்துங்கள், கிழிசல் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். பணத்தையும் தோளையும் குழந்தையின் மூச்சையும் தொடுகிறவை மட்டும் இங்கே.

முதல் ராப்பே கெட்டியாக வாங்குவது

லினன் கலந்த கெட்டித் துணி புதிதில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். பழக்கப்பட்ட கைக்கே அது அடங்க நாளாகும். முதல் ராப் முழுப் பருத்தியாக, 200 முதல் 240 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கனத்தில் இருந்தால் போதும். நீளத்துக்கு ராப்பின் அளவு எண்ணில் 6ஆம் எண், அதாவது ஏறக்குறைய 4.6 மீட்டர். பருத்த உடல்வாகு என்றால் 7ஆம் எண், சுமார் 5.2 மீட்டர். விலை குறைவு என்று குட்டை ராப் வாங்குகிறவர்கள், எல்லோரும் முதலில் கற்கும், குழந்தையை நெஞ்சோடு சேர்க்கும் முன்கட்டையே கட்ட முடியாமல் நிற்பார்கள்.

"வீட்டில்தான் சேலை இருக்கிறதே?"

ஐந்தரை மீட்டர் நீளம் சரிதான், அகலம்தான் இடிக்கும். ராப் சுமார் 70 செ.மீ., சேலையோ 1.1 மீட்டருக்கு மேல். மிச்சத் துணி குழந்தையின் முகத்தருகே குவியும். இன்னொன்று, நல்ல ராப்பின் ட்வில் நெசவு (சாய்ந்த வரி ஓடும் நெசவு) மூலைவாட்டில் இழுத்தால் லேசாகக் கொடுக்கும், நீளவாட்டில் கொடுக்காது. அதனால்தான் அது முதுகோடு படிந்து பிடிக்கிறது. சாதா நெசவுச் சேலை அப்படிப் படியாது. நைலக்ஸ் சேலையில் முடிச்சே நிற்காது. சேலையைத் தூளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. துணியைச் சுற்றி, குழந்தையை உள்ளே விட்டு, இரண்டு நுனியையும் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு, மேலே ஒரு பலமான முடிச்சு. பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். கால் மணி நேரத்தில் குழந்தை தொப்புள் மட்டத்துக்கு இறங்கியிருக்கும். தோள் வலிக்கும். உடனே பழி துணிமேல் விழும், அடுத்த ராப்புக்கு ஆர்டர் போகும். அதிலும் இதே கதைதான்.

கொத்தாக இழுக்கும்போது இறுகுவது சில இழைகள் மட்டும்தான். நடுத்துணியின் தளர்வு குழந்தையின் முதுகுப்பக்கம் அப்படியே கிடக்கும், நடமாட நடமாட வெளியே வரும். முந்தானை மடிப்பை ஒவ்வொன்றாக நீவி எடுப்பீர்கள் இல்லையா? அதே வேலைதான் இதுவும்.

அந்த முன்கட்டு இப்படி: துணியின் நடுக்குறி, அதாவது நீளத்தின் பாதியைக் காட்டும் அடையாளம், உங்கள் நெஞ்சில் இருக்க வேண்டும். இரு பக்கமும் அக்குளுக்கு அடியில் கொண்டுபோய், முதுகில் குறுக்கே மாற்றி, எதிர்த்தோள் வழியாக முன்னால் எடுங்கள். குழந்தையை வைப்பதற்கு முன்பே ஓரளவு இறுக்கிவிடுங்கள். பிறகு குழந்தையை மேலிருந்து இறக்கி, துணியின் கீழ்விளிம்பை ஒரு முட்டி மடிப்பிலிருந்து மறு முட்டி மடிப்புவரை பரப்பி, உங்கள் இருவர் வயிற்றுக்கும் நடுவே மேலே செருகுங்கள். முட்டி, பிட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். மேல்விளிம்பு பிடரியோடு நிற்க வேண்டும்.

இனி இறுக்கம். ஒரு கை குழந்தையின் அடியில் தாங்கட்டும். மறு கையால் உங்கள் தோளில் இருக்கும் துணியைக் கழுத்துப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் அகலமாகப் பிடித்துப் பிடித்து இழுங்கள். கழுத்தை ஒட்டிய ஓரம் இழுத்தால் குழந்தையின் பிடரிப்பக்கம் இறுகும், தோள்முனை ஓரம் இழுத்தால் முட்டிப்பக்கம். நடுவே உள்ளதுதான் முதுகு, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எந்த ஓரம் எது என்று குழம்பினால் ஒரு விளிம்பில் மட்டும் சிவப்பு நூல் ஓட்டிவையுங்கள். கடைசியில் நுனிகளைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் குறுக்கே மாற்றி, கால்களுக்கு அடியில் கொண்டுபோய், பின்னால் இரட்டை முடிச்சு. எல்லாம் சரியாக இருந்தால் அந்த முடிச்சுக்குப் பெரிய வேலையே இருக்காது.

சோதிக்க, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு சற்றே முன்னால் குனியுங்கள். குழந்தை நெஞ்சைவிட்டு விலகினால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

"மூச்சு முட்டப் போகுதுடி, தளர்த்து" என்று மாமியார் சொன்னதும் தளர்த்துகிறவர்கள் நிறைய. உண்மையில் தளர்ந்த துணியில்தான் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் படிந்து, மூச்சுக்குழாய் மடங்கும். 2010இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் (தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும் துணி) பற்றி எச்சரித்தபோது நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையே முக்கியமாகக் குறிப்பிட்டது. தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் எட்ட வேண்டும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

வெயில்

இந்தக் கட்டில் குழந்தையின் முதுகை ஓர் அடுக்குத் துணி மூடுகிறது, அதுவே ஓர் உடுப்பு மாதிரி. சித்திரை வெயிலில் உள்ளே ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் எதற்கு? மெல்லிய ஜப்லா போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

முதுகில் கட்டுவது

தலை நன்றாக நின்ற பிறகு. முதல் பத்து தடவை கட்டில்மேல், பக்கத்தில் ஓர் ஆளோடு.

அடுப்படியில்

வேண்டாம்.

பைக்கில்

வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, தெருமுனை வரைக்கும் என்றாலும்.